கேபிள் மோடம் பங்குகள்: தரநிலையில் இடம் கிடைத்தும் டெரயான் ஏன் தோற்றது?

அமெரிக்க கேபிள் நிறுவனங்களின் ஆய்வு அமைப்பான கேபிள்லேப்ஸ், 2001 டிசம்பர் 31 தேதியிட்டு, கேபிள் மோடங்கள் எல்லாம் பின்பற்ற வேண்டிய டாக்சிஸ் 2.0 என்ற தரநிலையை வெளியிட்டது. கலிஃபோர்னியாவின் டெரயான் நிறுவனம் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது இதற்காகத்தான். கம்பியில் வரும் இரைச்சலைத் தாங்க அது உருவாக்கிய எஸ்-சிடிஎம்ஏ முறை, இனி தயாராகும் ஒவ்வொரு மோடத்திலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. இதற்கு மேல் ஒரு தொழில்நுட்ப நிறுவனம் என்ன கேட்கும்?

2007-ல் மோட்டரோலா டெரயானை வாங்கியபோது பங்குக்குக் கொடுத்த விலை 1.80 டாலர். அதே பங்கு 2000 மார்ச்சில் 200 டாலரைத் தாண்டியிருந்தது. இடையில் ஒரு பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டதைச் சேர்த்துக்கொண்டாலும் பழைய கணக்கில் அது 3.60 டாலர்தான். 1998-ல் முதல் பங்கு வெளியீடு (ஐபிஓ) வந்த விலையே 13 டாலர்.

டாட்காம் குமிழி வெடித்ததில் எல்லாம் போய்விட்டது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது பாதிக் காரணம்தான். அதே குமிழியில் அடிபட்ட சிப் நிறுவனமான பிராட்காம், அதே தரநிலையை வைத்தே எழுந்து வளர்ந்தது. தரநிலை என்ற ஒன்று யாருக்குக் காசு கொடுக்கிறது, யாரிடமிருந்து பிடுங்குகிறது என்பது புரிந்தால் மீதிப் பாதி விளங்கும். இன்று டாக்சிஸ் 4.0 பற்றி வரும் செய்திகளையும், அவற்றுக்கு ஹார்மோனிக் போன்ற கேபிள் கருவி நிறுவனங்களின் பங்குகள் குதிப்பதையும் படுப்பதையும் புரிந்துகொள்ள இதுவே அடிப்படை.

கம்பிக்குள் என்ன நடக்கிறது

கேபிள் டிவிக்காகப் போட்ட கோஆக்சியல் கம்பியிலேயே இணையத்தையும் அனுப்புவதுதான் கேபிள் பிராட்பேண்ட். நம் ஊரில் கேபிள்காரர்கள் இப்போது பெரும்பாலும் வீடு வரை ஃபைபரையே இழுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடிக்கணக்கான வீடுகளுக்கு இன்னும் கோஆக்சியல்தான். கேபிள் நிறுவனத்தின் மைய நிலையமான ஹெட்எண்டிலிருந்து தெருமுனை வரை ஃபைபர் வரும். அங்கே நோடு என்ற பெட்டி. அதிலிருந்து வீடுகளுக்குக் கோஆக்சியல் கம்பி, வழியில் சிக்னலைத் தூக்கிவிடும் ஆம்ப்ளிஃபையர்கள்.

இதில் விற்பனைக்கு உரிய பொருள்கள் நான்கு:

1. வீட்டில் இருக்கும் மோடம்.
2. மறுமுனையில் ஆயிரக்கணக்கான மோடங்களோடு பேசும் பெரிய கருவி. இதன் பெயர் சிஎம்டிஎஸ். முன்பு அலமாரி அளவுக்கு இரும்புப் பெட்டியாக இருந்தது. இப்போது சாதாரண சர்வர்களில் ஓடும் மென்பொருளாகவும் வருகிறது.
3. தெருவில் தொங்கும் நோடுகளும் ஆம்ப்ளிஃபையர்களும்.
4. இவை எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் சிப்.

இந்த நான்கையும் விற்பவர்கள் ஒரே பிழைப்புப் பிழைப்பவர்கள் அல்ல. ஒரே செய்தியில் ஒருவர் பங்கு ஏறி இன்னொருவர் பங்கு இறங்குவது அதனால்தான்.

தொல்லை எப்போதும் மேல்நோக்கிய பாதையில்தான், அதாவது வீட்டிலிருந்து ஹெட்எண்டுக்குப் போகும் வழியில். டிவிக்காகப் போட்ட கம்பியில் எல்லாம் கீழ்நோக்கியே வர வேண்டியிருந்ததால், திரும்பிப் போக வட அமெரிக்காவில் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டை மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. சிற்றலை வானொலி, லாரிக்காரர்கள் பேசும் 27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோ, மோட்டார் ஓடும்போது கிளம்பும் இரைச்சல் எல்லாம் உலவும் இடம் அதே பட்டைதான். ஒரு வீட்டில் டிவிக்குப் பின்னால் கனெக்டர் சரியாக முறுக்கப்படவில்லை என்றால் அந்த இரைச்சல் கம்பிக்குள் நுழையும். ஒரு வீட்டோடு போனால் பரவாயில்லை. எல்லா வீட்டுச் சாக்கடையும் தெருமுனையில் ஒரே வாய்க்காலில் கலப்பதுபோல, நோடுக்குக் கீழே இருக்கும் எல்லா வீட்டு இரைச்சலும் மேலே ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

டெரயான் பிறந்ததே இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான்.

தரநிலையை எழுதியவர்கள் யார்?

1990களின் நடுவில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. லான்சிட்டி மோடம் வாங்கினால் லான்சிட்டி ஹெட்எண்ட் கருவிதான் வேண்டும். மோட்டரோலாவுக்கு ஒரு முறை, காம்21-க்கு இன்னொரு முறை. மோடம் ஒன்றின் விலை சில நூறு டாலர். ஒருமுறை ஒருவரிடம் வாங்கிவிட்டால் கேபிள் நிறுவனம் அவரிடமே மாட்டிக்கொள்ளும். கருவி விற்றவருக்கு இது சுகமான காலம்.

பொதுவான முறை ஒன்றை உருவாக்க, பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇ அமைப்பில் 802.14 என்ற குழு 1994-லேயே உட்கார்ந்தது. பொறியாளர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். பொறுமை இழந்த காம்காஸ்ட், காக்ஸ், டிசிஐ, டைம் வார்னர் கேபிள் ஆகிய நான்கு கேபிள் நிறுவனங்களும் எம்சிஎன்எஸ் என்ற பெயரில் சேர்ந்து தாங்களே தரநிலை எழுத இறங்கின. 1997 மார்ச்சில் வந்தது டாக்சிஸ் 1.0. அதன் பொறுப்பைக் கேபிள்லேப்ஸ் எடுத்துக்கொண்டது. கேபிள்லேப்ஸ் 1988-ல் கேபிள் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கியது. அதற்குப் பணம் கொடுப்பதும் அவர்கள்தான்.

முதலீட்டாளர்கள் அப்போதும் சரி, இப்போதும் சரி, தவறவிடும் விஷயம் இதுதான். டாக்சிஸ் என்பது வாங்குபவர்கள் எழுதிய தரநிலை. வாங்குபவர் எதற்காகத் தரநிலை எழுதுவார்? பொருளின் விலையைக் குறைக்கவும், ஒருவரிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும்தானே. விற்பவர் யாரையும் பணக்காரர் ஆக்கும் எண்ணம் அதில் இருக்க முடியாது. இந்த நோக்கத்தை நிறைவேற்ற இரண்டு ஏற்பாடுகள் செய்துகொண்டார்கள்.

முதலாவது, காப்புரிமைக் குளம். டாக்சிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிறுவனங்கள், தரநிலைக்குத் தேவையான தங்கள் காப்புரிமைகளை மற்றவர்கள் ராயல்டி இல்லாமல் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும். உங்கள் கண்டுபிடிப்பு தரநிலையில் சேர்ந்தால் உங்களுக்குப் பெயர் கிடைக்கும். ஒவ்வொரு மோடத்துக்கும் இத்தனை டாலர் என்ற வாடகை கிடைக்காது.

இரண்டாவது, சான்றிதழ். கருவி செய்பவர்கள் குறிப்பிட்ட சுற்றுகளில் தங்கள் மோடங்களைக் கேபிள்லேப்ஸ் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மற்ற நிறுவனங்களின் சிஎம்டிஎஸ்களோடு இணைத்துப் பார்ப்பார்கள். பேசினால் சான்றிதழ்; இல்லையென்றால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். முதல் சான்றிதழ்கள் 1999 மார்ச்சில் தோஷிபாவுக்கும் தாம்சனுக்கும் கிடைத்தன. தரநிலை வந்து இரண்டு ஆண்டு கழித்து! ஒரு தரநிலை காகிதத்தில் வரும் தேதிக்கும் அதிலிருந்து விற்பனை வரும் தேதிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதற்கு இது ஒன்றே போதும். அந்த நாட்களில் ஒவ்வொரு சுற்றின் முடிவும் வரும்போது, பட்டியலில் பெயர் இல்லாத நிறுவனத்தின் பங்கை வைத்திருந்தவர்கள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

டெரயான்: பெயரில் சிடிஎம்ஏ, பையில் ராயல்டி இல்லை

1993-ல் ஷ்லோமோ ராகிப், ஸாகி ராகிப் என்ற இரு சகோதரர்கள் டெரயானைத் தொடங்கினார்கள். அவர்களின் எஸ்-சிடிஎம்ஏ முறையில், ஒவ்வொரு மோடத்தின் சிக்னலும் ஒரு தனிக் குறியீட்டால் பெருக்கப்பட்டு முழுப் பட்டையிலும் பரப்பப்படும். இரைச்சல் ஓரிடத்தில் குத்தினாலும் மொத்தத் தகவலும் போய்விடாது. டாக்சிஸ் 1.0 பயன்படுத்திய முறை வேறு: ஒவ்வொரு மோடத்துக்கும் ஒரு நேரத் துண்டு, அதில் அது மட்டும் பேசும். இது எளிது, மலிவு. ஆனால் அந்தத் துண்டு நேரத்தில் இரைச்சல் அடித்தால் அந்தத் தகவல் போச்சு.

பழைய கம்பிகளைச் செப்பனிடாமலே பிராட்பேண்ட் விற்க வேண்டும் என்று நினைத்த நிறுவனங்களுக்கு டெரயான் பெட்டி வரப்பிரசாதம். கனடாவின் ஷா என்ற கேபிள் நிறுவனம் பெரிய வாடிக்கையாளராகவும் முதலீட்டாளராகவும் இருந்தது. பொருள் மோசம் என்று யாரும் சொல்ல முடியாது.

1998 இறுதியில், மேம்பட்ட மேல்நோக்குப் பாதைக்கான விவரக்குறிப்பை எழுத டெரயானையும் பிராட்காமையும் கேபிள்லேப்ஸ் கூட்டுச்சேர்த்தது. டாக்சிஸ் 1.2 என்ற பெயரில் அது வரும் என்று பேசப்பட்டது. சந்தை இதைக் கேட்டுக்கொண்ட விதமே வேறு: எஸ்-சிடிஎம்ஏ தரநிலை ஆகப்போகிறது, எல்லா மோடமும் டெரயானுக்குக் கப்பம் கட்டப்போகிறது.

அப்படி நினைக்க ஒரு முன்மாதிரியும் இருந்தது. செல்போனில் சிடிஎம்ஏ காப்புரிமைகளை வைத்திருந்த குவால்காமின் பங்கு 1999 என்ற ஒரே ஆண்டில் 25 மடங்குக்கும் மேல் ஏறியது. கேபிளில் சிடிஎம்ஏ என்றால் அடுத்த குவால்காம் இதுதான் என்ற கணக்கு சுலபமாக வந்துவிடும். ஆனால் குவால்காமுக்கு ஒவ்வொரு கைப்பேசியிலும் ராயல்டி உண்டு. டெரயான், தரநிலைக்குள் நுழைவதற்கான விலையாகத் தன் காப்புரிமைகளை ராயல்டி இல்லாத குளத்தில் போட ஒப்புக்கொண்டிருந்தது. எழுத்து நான்கும் ஒன்று, வருமானம் வேறு. விலை 200 டாலர் தாண்டியபோது இந்த வேறுபாட்டைக் கவனித்தவர்கள் குறைவு.

டாக்சிஸ் 1.2 வெளிவரவே இல்லை. 2000 வசந்தத்தில் நாஸ்டாக் சரிந்தபோது டெரயானும் சரிந்தது. எஸ்-சிடிஎம்ஏ தரநிலை ஆகும் வாய்ப்பைப் பற்றி நிறுவனம் தவறான எண்ணத்தை உண்டாக்கியது என்று பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை: வழக்கை முன்னின்று நடத்தியவர்கள் அந்தப் பங்கின் விலை இறங்கும் என்று ஷார்ட் அடித்தவர்கள் என்பது பின்னர் வெளிவந்து, 2004-ல் நீதிமன்றம் அவர்களை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கியது. ஒரு தரநிலைக் குழுவின் முடிவுக்காக இரண்டு பக்கமும் எவ்வளவு பணம் காத்துக்கொண்டிருந்தது என்பதற்கு இந்த வழக்கே சாட்சி.

சரி, 2001 கடைசியில் கேட்டது கிடைத்ததே, அப்புறம் என்ன ஆயிற்று?

டாக்சிஸ் 2.0 ஒரு சமரசம். பிராட்காம் தரப்பு முன்வைத்த, நேரத் துண்டு முறையின் மேம்பட்ட வடிவமான ஏ-டிடிஎம்ஏவும் உள்ளே வந்தது. டெரயானின் எஸ்-சிடிஎம்ஏவும் வந்தது. மோடத்தில் இரண்டும் இருக்க வேண்டும். மேல்நோக்கு வேகம் ஒரு சேனலுக்குச் சுமார் 10 மெகாபிட்டிலிருந்து 30 மெகாபிட்டாக உயர்ந்தது. கட்டாயம் என்பதால் பிராட்காமும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் தங்கள் சிப்களில் எஸ்-சிடிஎம்ஏவைச் சேர்த்துவிட்டன. அதுவரை எஸ்-சிடிஎம்ஏ வேண்டுமென்றால் டெரயானிடம்தான் போக வேண்டும். அதற்குப் பிறகு யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம்.

இன்னொன்றும் நடந்தது. கேபிள் நிறுவனங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தங்கள் கம்பிகளைச் செப்பனிட்டன, ஃபைபரை வீடுகளுக்கு அருகில் கொண்டுவந்தன. இரைச்சல் குறைந்தது. எஸ்-சிடிஎம்ஏ என்ற பொத்தான் எல்லா மோடத்திலும் இருந்தது, பெரும்பாலான நிறுவனங்கள் அதை அழுத்தவே இல்லை. 2013-ல் வந்த டாக்சிஸ் 3.1-ல் அது கட்டாயம் என்ற நிலையும் போனது.

டெரயான் 2004-ல் சிஎம்டிஎஸ்ஸில் மேற்கொண்டு முதலீடு செய்வதைக் கைவிட்டது. பிறகு மோடம் தொழிலிலிருந்தும் விலகியது. மோட்டரோலா வாங்கியபோது அதனிடம் மதிப்போடு இருந்தது டிஜிட்டல் வீடியோ கருவிகள்தான்.

அப்படியானால் லாபம் எங்கே போனது?

சிப்புக்குப் போனது. தரநிலை வந்ததும் மோடம் என்பது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பெட்டி ஆகிவிட்டது. தைவான், சீனத் தொழிற்சாலைகள் இறங்கின. சில நூறு டாலர் மோடம் சில ஆண்டுகளில் நூறு டாலருக்குக் கீழே வந்தது. விலை விழ விழ விற்பனை எண்ணிக்கை பெருகியது. பெட்டி செய்பவருக்கு எண்ணிக்கை கூடியும் கையில் நின்றது சொற்பம். உள்ளே இருக்கும் சிப்பை உருவாக்கக் கோடிக்கணக்கில் செலவும் ஆண்டுக்கணக்கில் உழைப்பும் வேண்டும். அதைச் செய்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்களில் முதலாவது பிராட்காம். எந்த முத்திரை போட்ட மோடம் விற்றாலும் அதற்கு வியாபாரம். 1998 ஏப்ரலில் 24 டாலருக்கு ஐபிஓ வந்த அந்த நிறுவனத்தை அவாகோ என்ற இன்னொரு சிப் நிறுவனம் 2016-ல் சுமார் 3,700 கோடி டாலருக்கு வாங்கித் தன் பெயரையே பிராட்காம் என்று மாற்றிக்கொண்டது.

பெட்டிக்காரர்களின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் எல்லாம் ஒரே கதை. தகவலைச் சிறு பொட்டலங்களாக அனுப்பும் பாக்கெட் ஸ்விட்சிங்கின் முன்னோடிகளில் ஒருவரான பால் பேரன் தொடங்கிய காம்21, ஏடிஎம் என்ற தொலைத்தொடர்பு நெறிமுறையின் அடிப்படையிலான தன் முறையை நம்பி 1998-ல் பங்குச்சந்தைக்கு வந்தது. டாக்சிஸ் இணையத்தின் நெறிமுறையான ஐபி பக்கம் போனது. காம்21 பின்னால் ஓடிப் பிடிக்கப் பார்த்து 2003-ல் திவால் நோட்டீஸ் கொடுத்தது. அதன் சொத்துகளை ஆரிஸ் என்ற கேபிள் கருவி நிறுவனம் வாங்கியது. ஆரிஸ் பிறகு, கூகுள் கையிலிருந்த மோட்டரோலாவின் வீட்டுக் கருவிப் பிரிவை 2013-ல் 235 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த ஆரிஸை 2019-ல் காம்ஸ்கோப் என்ற கருவி நிறுவனம் 740 கோடி டாலருக்கு விழுங்கியது. அந்தக் கடனைச் சுமந்துகொண்டு காம்ஸ்கோப் பங்கு பட்ட பாடு வேறு கதை.

லான்சிட்டி மட்டும் விதிவிலக்கு. அதன் நிறுவனர் ரூஸ்பே யாசினி, தரநிலை வருவதற்கு முன்பே 1996-ல் வலையமைப்புக் கருவி நிறுவனமான பே நெட்வொர்க்ஸிடம் விற்றுவிட்டார். பிறகு கேபிள்லேப்ஸிலேயே டாக்சிஸ் சான்றிதழ் திட்டத்துக்கு உதவினார். தனி முறையை வைத்திருந்தவர்களில் நல்ல நேரத்தில் வெளியேறியவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

இரண்டு தலைமுறைகளுக்கு நடுவே ஒரு பள்ளம்

தரநிலை பங்குகளைத் தாக்கும் இன்னொரு வழி, காத்திருப்பு. அடுத்த பதிப்பு வருகிறது என்று தெரிந்துவிட்டால் கேபிள் நிறுவனம் இப்போதைய கருவியை வாங்கத் தயங்கும். இப்போது வாங்கினால் மூன்று ஆண்டில் தூக்கிப்போட வேண்டுமே!

இதற்கு நல்ல உதாரணம் காசா சிஸ்டம்ஸ். டாக்சிஸ் 3.1 பரவிய நேரத்தில் அதன் சிஎம்டிஎஸ் பெட்டிகள் நன்றாக விற்றன. 2017 டிசம்பரில் 13 டாலருக்குப் பங்குகளை வெளியிட்டது. அந்த ஆண்டு வருவாய் சுமார் 35 கோடி டாலர். அடுத்த ஆண்டே அது 30 கோடிக்குக் கீழே இறங்கியது. கேபிள் நிறுவனங்கள் அந்த நேரத்தில் பெரிய பெட்டியைப் பிரித்து, ஒரு பாதியைத் தெருமுனை நோடுக்குள்ளும் மறு பாதியை சர்வர் மென்பொருளாகவும் வைக்கும் புதிய கட்டமைப்பை யோசிக்க ஆரம்பித்திருந்தன. யோசிக்கும் காலத்தில் பழைய பெட்டிக்கு ஆர்டர் குறையும். புதியதற்கு இன்னும் ஆர்டர் வந்திருக்காது. காசா பின்னர் வேறு துறைகளிலும் கைவைத்துப் பார்த்தது, கடனும் சேர்ந்தது. 2024 ஏப்ரலில் திவால். அதன் கேபிள் பிரிவைக் காம்ஸ்கோப் சுமார் 4.5 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் ஓராண்டில் விற்றதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான்.

காசாவின் பெட்டிகள் காலாவதியாகக் காரணமான அதே மாற்றத்தில் ஹார்மோனிக் மேலே வந்தது. சிஎம்டிஎஸ்ஸை மென்பொருளாகத் தரும் கேபிள்ஓஎஸ் அதனுடையது. 2019-ல் காம்காஸ்ட் 17.5 கோடி டாலருக்கு அதன் உரிமம் வாங்க ஒப்பந்தம் போட்டது. அதற்கு முன்பே ஹார்மோனிக்கின் பங்குகளை வாங்கும் உரிமையையும் பெற்றுக்கொண்டிருந்தது. வாடிக்கையாளரே பங்குதாரர் ஆவது இந்தத் துறையில் பழைய வழக்கம். டெரயானிலும் அதைப் பார்த்தோம். பங்கை உயர்த்தும் செய்தியாக அது படிக்கப்படும். பேரம் பேசும் பலம் யாரிடம் என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கிறது.

டாக்சிஸ் 4.0: ஒரு பெயர், இரண்டு பாதை

இப்போதைய குழப்பத்துக்கு வருவோம். டாக்சிஸ் 4.0 கீழ்நோக்கி 10 கிகாபிட், மேல்நோக்கி 6 கிகாபிட் வரை தர முடியும் என்கிறது. ஃபைபரோடு போட்டிபோட கேபிள்காரர்களிடம் இருக்கும் பெரிய ஆயுதம். ஆனால் அதை அடைய தரநிலைக்குள்ளேயே இரண்டு வழிகள் இருக்கின்றன.

காம்காஸ்ட் தேர்ந்தெடுத்தது எஃப்டிஎக்ஸ். ஒரே அலைவரிசைப் பட்டையிலேயே இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசும் முறை. எதிரொலியைத் துல்லியமாக அழிக்கத் தெரிந்த சிப்பும் ஆம்ப்ளிஃபையரும் இதற்கு வேண்டும். சார்ட்டர், காக்ஸ் முதலிய கேபிள் நிறுவனங்கள் தேர்ந்தெடுத்தது பட்டையை நீட்டும் வழி. மேல்நோக்குக்கும் கீழ்நோக்குக்கும் தனித்தனி இடம், மொத்தப் பட்டை 1.8 கிகாஹெர்ட்ஸ் வரை. இதற்குத் தெருவில் தொங்கும் ஆம்ப்ளிஃபையர்களையும் சிறு சிறு உதிரிகளையும் மாற்ற வேண்டும்.

தரநிலையின் முழு அர்த்தமே ஒரே பொருளை எல்லோரும் வாங்குவது. இங்கே அமெரிக்காவின் மிகப்பெரிய இரண்டு வாடிக்கையாளர்கள் இரண்டு வேறு பொருளைக் கேட்கிறார்கள். கருவி செய்பவர் எதற்குப் பணத்தைப் போடுவார்? இந்தச் சிக்கலைத் தீர்க்க, இரண்டு வழியிலும் இயங்கும் ஒருங்கிணைந்த சிப்பைக் கொண்டுவர பிராட்காம் முன்வந்தது. காம்காஸ்ட்டும் சார்ட்டரும் கூடச் சேர்ந்தன. கேபிள் நிறுவனங்களுக்கு நல்லது. உடனடி விற்பனையை எதிர்பார்த்தவர்களுக்கு மறுபடியும் பள்ளம்தான்: ஒருங்கிணைந்த சிப் வருகிறது என்றால் அதற்கு முந்தைய கருவியை யார் அவசரமாக வாங்குவார்கள்? 2025 தொடக்கத்தில் ஹார்மோனிக் தன் அவ்வாண்டு மதிப்பீட்டைக் குறைத்துச் சொன்னபோது பங்கு சரிந்ததற்குப் பின்னால் இருந்த காரணங்களில் இந்த மாற்றத்தின் தாமதமும் ஒன்று. அதன் வருவாயில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு ஒரே வாடிக்கையாளரான காம்காஸ்ட்டிடமிருந்து வந்த ஆண்டுகள் உண்டு. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு ஒரு வாடிக்கையாளர் ஆறு மாதம் தள்ளிப்போட்டாலே ஆண்டு கெட்டுவிடும்.

இதற்கு நடுவில் பழைய 3.1 சாகவும் மறுக்கிறது. கூடுதல் சேனல்களைக் கையாளும் புதிய சிப்களோடு, பேச்சுவழக்கில் 3.1 பிளஸ் என்று அழைக்கப்படும் மோடங்கள் வந்திருக்கின்றன. 4.0-க்கு மாறாமலே கீழ்நோக்கு வேகத்தைப் பல கிகாபிட்டுக்கு உயர்த்தலாம். மோடம் சிப் விற்பவருக்கு லாபம். 4.0 ஆம்ப்ளிஃபையர் விற்கக் காத்திருப்பவருக்கு இன்னும் காத்திருப்பு.

சார்ட்டரின் கால அட்டவணையைப் பாருங்கள். 2022 டிசம்பரில் தன் வலையமைப்பை மேம்படுத்த 550 கோடி டாலர் திட்டம் அறிவித்தது. 2025-க்குள் முடியும் என்றது. பிறகு 2026 ஆயிற்று, அப்புறம் 2027. மொத்தத் தொகையைப் பார்த்து 2023-ல் பங்கு வாங்கியவர், அந்தத் தொகை எந்தக் காலாண்டில் வரும் என்பதைப் பார்க்காமல் வாங்கியிருக்கிறார்.

தரநிலைச் செய்தி வரும்போது எதைப் பார்ப்பது

எந்தப் பங்கை வாங்குவது விற்பது என்பது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. செய்தியைப் படிக்க உதவும் கேள்விகள் சில:

1. செய்தி எந்தப் படியைப் பற்றியது? விவரக்குறிப்பு வெளியீடு, சிப் தயார், சான்றிதழ், சோதனை ஓட்டம், பெருமளவு ஆர்டர் என்று ஐந்து படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இடையில் பல மாதங்கள், சில நேரம் ஆண்டுகள். டாக்சிஸ் 4.0 ஆவணம் வந்தது 2020 வாக்கில். காம்காஸ்ட் அதை முதல் வாடிக்கையாளர்களிடம் கொண்டுபோனது 2023 அக்டோபரில், அதுவும் சில நகரங்களில் மட்டும். வருவாய் வருவது கடைசிப் படியில்தான்.

2. நிறுவனம் நான்கு பொருள்களில் எதை விற்கிறது? சிப் விற்பவருக்குத் தரநிலை நண்பன். மோடம் பெட்டி விற்பவருக்கு அது பெரும்பாலும் எதிரி. ஆம்ப்ளிஃபையர் விற்பவருக்கு எந்தப் பாதை தேர்வாகிறது என்பதே வாழ்வா சாவா. மென்பொருள் சிஎம்டிஎஸ் விற்பவருக்குப் பாதை எதுவானாலும் ஓரளவு பரவாயில்லை, ஆனால் வாடிக்கையாளர் எண்ணிக்கை குறைவு.

3. கண்டுபிடிப்பு ராயல்டி தருமா, தராதா? டாக்சிஸைப் பொறுத்தவரை விடை ஏறக்குறைய எப்போதும் தராது என்பதுதான். ‘எங்கள் தொழில்நுட்பம் தரநிலையில் சேர்க்கப்பட்டது’ என்று அறிக்கை வந்தால், அதனால் யாருக்கெல்லாம் அந்த நிறுவனத்தோடு போட்டியிட வழி திறந்தது என்றும் பாருங்கள்.

4. வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? அமெரிக்க கேபிள் நிறுவனங்கள் ஃபைபருக்கும், டி-மொபைல், வெரிசான் தரும் கம்பியில்லா வீட்டு இணையத்துக்கும் பிராட்பேண்ட் சந்தாதாரர்களை இழந்து வருகின்றன. அந்த இழப்பு மேம்படுத்தலை அவசரப்படுத்தலாம். செலவைக் குறைக்கவும் வைக்கலாம். இரண்டில் எது என்பது கேபிள் நிறுவனங்களின் காலாண்டு அறிக்கையில், மூலதனச் செலவு என்ற வரியில் இருக்கும். 2025 மே மாதம் காக்ஸை 3,450 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சார்ட்டர் அறிவித்தது. ஏற்கெனவே விரல் விட்டு எண்ணக்கூடிய வாடிக்கையாளர்களில் இதனால் ஒரு விரல் மடங்குகிறது. கருவி விற்பவரின் பேர பலமும் அதோடு குறையும்.

5. கிடங்கில் எவ்வளவு இருக்கிறது? ஒரு தலைமுறை முடியும்போது வாடிக்கையாளர்கள் முதலில் தங்கள் கிடங்கைக் காலி செய்வார்கள், பிறகுதான் புதிதாக ஆர்டர் கொடுப்பார்கள். கருவி நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் சரக்கு இருப்பு கூடிக்கொண்டே போய் வருவாய் நிற்கிறது என்றால், நிர்வாகம் 4.0 பற்றி எவ்வளவு உற்சாகமாகப் பேசினாலும் இன்னும் இரண்டு மூன்று காலாண்டு பள்ளத்தில்தான் ஓடும்.